பள்ளிக் கால்பந்து அணி: கோடை முகாமா, வாரம் மூன்று நாளா, கடைசி நேரப் பயிற்சியா?

டெல்டாவில் ஒரு பள்ளி அணியை அடுத்த சீசனுக்குத் தயார் செய்ய நம் முன்னால் மூன்று வழிகள்தான் இருக்கின்றன. மே மாதம் காலையும் மாலையும் முகாம் போடுவது ஒன்று. ஜூனில் பள்ளி திறந்ததிலிருந்து வாரம் மூன்று நாள், ஒரு மணி நேரம் என்று விடாமல் நடத்துவது இன்னொன்று. குறுவட்டப் போட்டிக்கு, அதாவது பக்கத்துப் பள்ளிகளுக்குள் நடக்கும் முதல் கட்டப் போட்டிக்கு, தேதி வந்த பிறகு பத்து நாள் பிழிந்தெடுப்பது மூன்றாவது. எங்கள் பக்கம் நிறையப் பள்ளிகளில் நடப்பது இந்த மூன்றாவதுதான். திருவாரூர் பக்கம் ஒரு பள்ளி அணியின் பி.இ.டி. சாருக்குப் பல வருடமாக உதவியாக நிற்கிறவன் என்ற முறையில் நான் இரண்டாவது வழியின் பக்கம் நிற்கிறேன். காரணத்தைச் சொல்வதற்கு முன்னால் நம் சீசன் எப்படிப்பட்டது என்று பார்த்துவிட வேண்டும், திட்டம் கோணலாகப் போவது அங்கேதான்.

டிவியில் பார்க்கிற இங்கிலாந்து பிரீமியர் லீக்கில் ஓர் அணி 38 ஆட்டம் ஆடுகிறது. ஒன்றில் தோற்றால் அடுத்த வாரம் சரிக்கட்டலாம். நமக்கு அப்படி இல்லை. 14, 17, 19 வயதுக்கு உட்பட்டோர் என்று பிரிவுகள், குறுவட்டத்தில் ஜெயித்தால் மாவட்டம், அதற்கு மேல் மாநிலம், பெரும்பாலும் எல்லாமே நாக்-அவுட். ஜூலையிலோ ஆகஸ்டிலோ ஒரு காலை வேளையில் ஓர் ஆட்டம் போனால் அந்த வருடமே போயிற்று. ஜெயித்து மேலே போகிறவர்களுக்கும் செப்டம்பரில் காலாண்டுத் தேர்வு, அக்டோபரிலிருந்து வடகிழக்குப் பருவமழை, கிரவுண்டில் முழங்கால் தண்ணீர். ஆகவே நம் திட்டம் நீண்ட சீசனுக்கானது இல்லை, எப்போது வரும் என்று தெரியாத ஒரு மணி நேரத்துக்கானது.

இந்தக் கண்ணோடு கோடை முகாமைப் பார்த்தால், ஆதரவாகச் சொல்லவும் நிறைய இருக்கிறது. வகுப்பு கிடையாது, ஸ்பெஷல் கிளாஸ் கிடையாது, பந்தைத் தொடுகிற நேரம் அதிகம். இடது காலால் பாஸ் கொடுப்பது, வருகிற பந்தை ஒரே தொடுதலில் நிறுத்துவது மாதிரி, ஒருமுறை பழகிவிட்டால் மறக்காத விஷயங்களைச் சொல்லிக்கொடுக்க அதைவிட நல்ல காலம் இல்லை. ஆனால் ஓடுகிற தெம்பு அப்படித் தங்காது. மே நடுவில் முகாம் முடிந்து பிள்ளைகள் பாட்டி வீட்டுக்குப் போய்விட்டால் சில வாரங்களிலேயே சேர்த்த தெம்பில் நல்ல பங்கு கரைந்துவிடும். வெயிலுக்கு உடம்பு பழகியதும் அதே கதிதான். பழக ஒன்றிரண்டு வாரம் போதும், விட்டால் கொஞ்ச நாளில் போய்விடும், அதனால் கத்திரி வெயிலில் ஓடியது ஜூலைக் கடைசி ஆட்டத்துக்குக் கை கொடுக்காது. இன்னொன்றும் எனக்கு உறுத்தும். எங்கள் பக்கம் மே மாதம் பருத்தி எடுக்கிற காலம், அந்த வேலைக்குப் போகிற வீட்டுப் பிள்ளைகள் முகாமுக்கு வரமாட்டார்கள், முகாமை வைத்து அணி எடுத்தால் அவர்கள் விடுபட்டுப் போவார்கள். நல்ல ஓட்டக்காரர்கள் பலர் அந்த வீட்டுப் பிள்ளைகள்தான்.

பத்து நாள் பிழிவதைப் பற்றி நீட்டிப் பேச ஒன்றுமில்லை. ஓடிப் பழகாத உடம்பைத் திடீரென்று இரண்டு வேளை ஓடவிட்டால் தொடையின் பின்தசை பிடித்துக்கொள்ளும். வளர்கிற வயதுப் பிள்ளைகளுக்கு முட்டிச் சிப்பிக்குக் கீழே எலும்பில் வலியும் வீக்கமும் வருவது சகஜம், பளுவைச் சட்டென்று கூட்டினால் அது இன்னும் அதிகமாகும். ஆட்டத்தன்று நம்முடைய நல்ல ஃபார்வேர்டு கிரேப் பேண்டேஜ் சுற்றிக்கொண்டு ஓரத்தில் உட்கார்ந்திருப்பான்.

வாரம் மூன்று நாள் வழியில் இருக்கிற பெரிய இடைஞ்சல் ஸ்பெஷல் கிளாஸ். 10, 12 வகுப்புகளுக்குக் காலையும் மாலையும் வைத்துவிடுகிறார்கள், அந்தப் பெற்றோரின் கவலையும் நியாயமானது. அதனால் ஜூன் முதல் வாரமே தலைமை ஆசிரியரிடம் போய், எந்த மூன்று நாள், எத்தனை மணிக்கு விடுவோம் என்று எழுதிக் கொடுத்துப் பேசிவிட வேண்டும். அணியின் முதுகெலும்பை 9ஆம் வகுப்பிலும் 11ஆம் வகுப்பிலும் வைத்துக்கொண்டால் பாதிச் சண்டை குறையும். பெண்கள் அணி என்றால் கடைசி டவுன் பஸ் எத்தனை மணிக்கு என்று தெரிந்துகொண்டு நேரத்தை வையுங்கள். பஸ் போய்விடுமோ என்ற பயத்தோடு ஆடுகிற பிள்ளையிடம் கவனத்தை எதிர்பார்க்க முடியாது. மூன்றில் இரண்டு நாள் ஃபிஃபாவின் 11+ வார்ம்-அப்பைக் கண்டிப்பாகச் செய்யச் சொல்வேன். 14 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களுக்காக உருவாக்கியது, 15 பயிற்சிகள், பழகிவிட்டால் 20 நிமிடம், பந்தைத் தவிர ஒரு பொருளும் வாங்க வேண்டாம். அதைவிடச் சின்னவர்களுக்குத் தனியாக ஒரு வடிவம் இருக்கிறது. மூன்றாவது நாள் முழுக்க ஆட்டம், வேறெதுவும் வேண்டாம்.

சரி, மனசு. இதிலும் இரண்டு வழி. ஆட்டத்துக்கு முந்தின நாள் ஒருவரை அழைத்து வந்து ‘உங்களால் முடியும்’ என்று அரை மணி நேரம் பேசவைப்பது ஒன்று. நடக்கக்கூடிய கெட்டதை எல்லாம் முன்கூட்டியே எடுத்து வைத்து, நடந்தால் என்ன செய்வோம் என்று முடிவு செய்து, அதைக் கிரவுண்டில் ஆடியே பார்த்துவிடுவது இன்னொன்று. பேச்சை நான் குறைத்துச் சொல்லவில்லை, பிள்ளைகளின் முகம் மலர்வது உண்மை, சிலருக்கு அன்றைக்கு அது தேவையும்கூட. ஆனால் அந்தச் சூடு முதல் கோல் வாங்குகிற வரைதான் நிற்கிறது. வாங்கிய அடுத்த ஐந்து நிமிடம் யாரிடமும் ஒரு திட்டமும் இருக்காது, ஆளாளுக்குக் கத்துவார்கள், இரண்டாவது கோலும் விழும்.

‘இப்படி நடந்தால் இதைச் செய்வேன்’ என்று முன்பே முடித்துவைப்பது வெறும் ஆசையைவிட நன்றாக வேலை செய்கிறது என்பதை உளவியலாளர் பீட்டர் கோல்விட்சர் 1999இல் ஒரு கட்டுரையில் தொகுத்துச் சொன்னார். நம் ஊருக்கு அதை இப்படி எழுதிக்கொள்ளலாம்: கோல் வாங்கினால் கேப்டன் பந்தை எடுத்துக்கொண்டு நடந்தே சென்டருக்கு வருவார், மற்றவர்கள் அவர் வருவதற்குள் தங்கள் இடத்தில் நிற்பார்கள். ரெஃப்ரி தவறாக விசில் அடித்தால் கேப்டன் மட்டும் பேசுவார். நம் கோலுக்கு முன்னால் மழைத் தண்ணீர் நின்றால் கீப்பருக்கு பேக் பாஸ் கிடையாது, பந்தைத் தூக்கி ஓரத்துக்கு அடி. நம் களிமண் ஒரு மழைக்கே பூட்ஸில் அப்பிக்கொள்ளும், தரையோடு கொடுத்த பாஸ் தண்ணீரில் அப்படியே நின்றுவிடும், எதிரணி ஃபார்வேர்டு அதற்காகவே காத்திருப்பான். மூன்று நான்கு விதி போதும், பத்து எழுதினால் ஒன்றும் நினைவிருக்காது. மூன்றாவது நாள் ஆட்டத்தில் சொல்லாமல் கொள்ளாமல் ‘நீங்கள் ஒரு கோல் பின்தங்கி இருக்கிறீர்கள், எட்டு நிமிடம்தான் மிச்சம்’ என்று அறிவித்துவிட்டு என்ன செய்கிறார்கள் என்று பாருங்கள். பேச்சாளர் சொல்லித்தர முடியாததை அந்த எட்டு நிமிடம் சொல்லித்தரும்.

ஆட்டம் சமனில் முடிந்தால் பெனால்டி அடித்து முடிவு காணும் டை-பிரேக்கர்தான் நாக்-அவுட்டில் அதிகம் கொல்வது. இதற்கும் வழக்கமான வழி ஒன்று உண்டு: பயிற்சி முடிவில் எல்லாரும் வரிசையாக நின்று படபடவென்று பெனால்டி அடிப்பது. அதில் கால் பழகும், மனசு பழகாது. உண்மையான டை-பிரேக்கரில் அடிப்பவரும் கீப்பர்களும் தவிர எல்லாரும் சென்டர் வட்டத்துக்குள் நிற்க வேண்டும். முழு அளவு மைதானத்தில் அங்கிருந்து பெனால்டி புள்ளிக்குத் தனியாக 40 மீட்டர் போல நடக்க வேண்டும். அந்த நடையைத்தான் பழக்க வேண்டும். வாரம் ஒருமுறை, பிள்ளைகள் களைத்த பிறகு, ஐந்து பேர் மட்டும். மற்றவர்கள் வட்டத்தில் தோளில் கை போட்டு நிற்கட்டும். போகிறவர் நடந்து போய், பந்தைத் தன் கையால் வைத்து, பின்னால் வந்து, எந்த மூலை என்று முடிவெடுத்து, விசில் வந்த பிறகும் ஒரு மூச்சு விட்டுவிட்டு அடிக்கட்டும். விசில் கேட்டதும் அவசரப்படுகிறவர்கள் அதிகமாகத் தவறவிடுகிறார்கள் என்பதை நார்வே ஆய்வாளர் கெயிர் யோர்டெட் பெரிய போட்டிகளின் டை-பிரேக்கர்களைப் பார்த்துக் காட்டியிருக்கிறார். தவறவிட்டவரை வட்டத்திலிருந்து ஒருவர் எதிரே போய் அழைத்து வர வேண்டும், யார் போவது என்றும் முன்பே சொல்லிவிடுங்கள். கீப்பருக்கு ஒரு விஷயம்: அடிக்கிற நொடியில் ஒரு காலின் ஒரு பகுதியாவது கோல் கோட்டில் இருக்க வேண்டும். முன்னால் பாய்ந்து தடுத்தால் திரும்ப அடிக்கச் சொல்வார்கள், பிடித்த பந்து வீணாகும்.

இலக்கு வைப்பதிலும் ‘இந்த வருடம் மாநிலம்’ என்று போர்டில் எழுதுவதை விட்டுவிடலாம். எதிரே எந்த அணி வரும் என்பது சீட்டுக் குலுக்கலில் இருக்கிறது, நம் கையில் இல்லை. த்ரோ-இன்னுக்கு ஐந்து நொடிக்குள் இருவர் பந்தை வாங்கத் தயாராக இடம் காட்டி நிற்க வேண்டும், பந்தை இழந்தவரே முதலில் துரத்த வேண்டும் என்கிற மாதிரி ஆட்டத்தில் எண்ணிப் பார்க்கக்கூடியதை வையுங்கள். தோற்றாலும் அதில் எவ்வளவு செய்தோம் என்று பிள்ளைகளிடம் பேச ஏதாவது மிச்சம் இருக்கும்.

அப்புறம், தோற்ற மறுநாள். பந்துகளை ஸ்போர்ட்ஸ் ரூமில் பூட்டி அடுத்த ஜூனில் திறப்பது ஒரு வழி. அதைச் செய்யாதீர்கள். பொங்கல் முடிந்ததும் மழை விட்டிருக்கும், கிரவுண்டு காய்ந்து இறுகியிருக்கும், மாலை வெயில் கடுமை இல்லை, 10, 12 பிள்ளைகள் தேர்வுக்குப் போய்விடுவதால் சின்னவர்களுக்கு இடம் கிடைக்கும். 7, 8 வகுப்புப் பிள்ளைகளை வைத்து பக்கத்துப் பள்ளியோடு சனிக்கிழமை ஒரு நட்பு ஆட்டம் போடுங்கள், கேப்டனை அவர்களே தேர்ந்தெடுக்கட்டும், ஆட்டம் சமனில் முடியாவிட்டாலும் கடைசியில் ஒரு டை-பிரேக்கர் வைத்துவிடுங்கள்.