இடமும் காசும்: ஆங்கில இலக்கிய மேற்படிப்புக்கு எந்தப் பதிலை நம்பிக் காத்திருப்பது?

ஆங்கிலத்தில் சிறப்புப் பட்டம் முடித்துவிட்டு மேற்படிப்புக்கு விண்ணப்பித்திருக்கும் ஒருவர் உண்மையில் இரண்டு பதில்களுக்குக் காத்திருக்கிறார். இடம் உண்டா என்பது ஒன்று. காசு உண்டா என்பது மற்றது. யாழ்ப்பாணத்தில் நாம் முதலாவதைப் பற்றித்தான் அதிகம் பேசுகிறோம். "ஓஃபர் வந்திட்டுதாம்" என்ற செய்தி ஒழுங்கை முழுக்கப் பரவும். ஓஃபர் வந்த பிள்ளை செப்டெம்பரிலும் இங்கேதான் இருக்கிறதென்றால் ஏனென்று ஒருவரும் கேட்க மாட்டார்கள். காசுக்கான பதில் வராமலே போயிருக்கும். அதனால் நாடுகளை ஒப்பிடும்போது, இந்த இரண்டு பதில்களும் எப்போது, எந்த வரிசையில் வருகின்றன என்பதைத்தான் நான் முதலில் பார்ப்பேன். பல்கலைக்கழகத்தின் தரவரிசை எனக்கு அதற்குப் பிறகுதான்.

அமெரிக்கா

இங்கே இரண்டு பதிலும் ஒரே கடிதத்தில் வரும். ஆனால் பிந்தி வரும்.

பிஎச்டி விண்ணப்பங்கள் பெரும்பாலும் டிசெம்பரிலும் ஜனவரித் தொடக்கத்திலும் மூடப்படும். பெப்ரவரியில் பதில்கள் வரத் தொடங்கி மார்ச் நடுப்பகுதிக்குள் பெரும்பகுதி வந்துவிடும். எம்.ஏ. இல்லாமலே நான்கு வருடச் சிறப்புப் பட்டத்தோடு நேரே பிஎச்டிக்குப் போகலாம் என்பது எங்களில் பலருக்குத் தெரியாது. நிதியுடன் இடம் கிடைத்தால் கல்விக் கட்டணம் இல்லை, மாதாமாதம் உதவித்தொகை வரும், மருத்துவக் காப்புறுதியும் பெரும்பாலும் சேர்ந்திருக்கும். பதிலுக்கு இளநிலை மாணவர்களுக்குக் கட்டுரை எழுதுவதைக் கற்பிக்க வேண்டும். ஒவ்வொரு மாணவருக்கும் ஐந்தாறு வருடம் துறையே செலவழிப்பதால் எடுக்கும் ஆட்களின் எண்ணிக்கை மிகச் சிறியது. பல துறைகளில் வருடத்துக்குப் பத்துப் பேர் கூடச் சேர்வதில்லை. நிலைமை இறுகிக்கொண்டும் போகிறது: பொஸ்டன் பல்கலைக்கழகம் 2025–26 கல்வியாண்டுக்கு ஆங்கிலம் உட்படப் பல மனிதப்பண்பியல், சமூக விஞ்ஞானப் பிஎச்டிகளுக்கு ஆள் எடுப்பதையே நிறுத்தி வைத்தது. ஆகவே விண்ணப்பிக்க முதல், அந்த வருடம் அந்தத் துறை ஆள் எடுக்கிறதா என்று அதன் பக்கத்தில் பார்த்துவிடுங்கள். பார்க்காமல் கட்டணம் கட்டினால் அது போனதுதான்.

கட்டணம் என்றதும் ஒரு கணக்கு. ஒரு விண்ணப்பத்துக்கு நூறு டொலர் அளவில் கேட்பார்கள். எட்டு இடத்துக்குப் போட்டால் எண்ணூறு டொலர். டொலர் முந்நூறு ரூபா அளவில் நிற்கும்போது அது இரண்டு இலட்சத்து நாற்பதாயிரம் ரூபா, ஒரு பட்டதாரி ஆசிரியரின் பல மாதச் சம்பளம். கட்டண விலக்கு கேட்கலாம். சில பல்கலைக்கழகங்கள் வெளிநாட்டு மாணவருக்கும் தருகின்றன, சில உள்நாட்டவருக்கு மட்டும். மின்னஞ்சல் ஒன்று எழுதிக் கேட்பதில் நட்டமில்லை. பரீட்சைச் செலவும் முன்புபோல இல்லை. ஆங்கில இலக்கியத்துக்கென்று இருந்த ஜிஆர்ஈ (பட்டமேற்படிப்பு நுழைவுத் தேர்வு) பாடப் பரீட்சை 2021இல் நிறுத்தப்பட்டது, பொது ஜிஆர்ஈயையும் பெரும்பாலான ஆங்கிலத் துறைகள் இப்போது கேட்பதில்லை. மிஞ்சுவது நோக்கக் கூற்று, மூன்று பரிந்துரைக் கடிதங்கள், பதினைந்து இருபது பக்க எழுத்து மாதிரி. முடிவைத் தீர்மானிப்பது பெரும்பாலும் அந்த எழுத்து மாதிரிதான்.

பரிந்துரைக் கடிதத்தில் எங்களுக்கென்று ஒரு சிக்கல் உண்டு. எங்கள் ஆங்கில வகுப்புகள் சின்னவை. அதே இரண்டு மூன்று விரிவுரையாளர்கள்தான் எல்லாருக்கும் எழுத வேண்டும், டிசெம்பரில் எல்லாரும் ஒன்றாகப் போய் நிற்பார்கள். ஒக்டோபரிலேயே கேட்டுவிடுங்கள். சேரின் ஜிமெயில் முகவரியைக் கொடுக்காமல் பல்கலைக்கழக முகவரியைக் கொடுங்கள், பல விண்ணப்பப் படிவங்கள் அதைத்தான் எதிர்பார்க்கின்றன.

இனி, பதிலே வராமல் இருக்கும் அந்த மௌனம். அமெரிக்கத் துறைகள் எல்லாருக்கும் ஒரே நாளில் பதில் சொல்வதில்லை. முதலில் எடுத்தவர்களுக்குச் சொல்வார்கள். அடுத்து காத்திருப்புப் பட்டியல், சில இடங்களில் அதையும் சொல்லாமல் பேசாமல் வைத்திருப்பார்கள். மறுப்புக் கடிதம் கடைசியில்தான் வரும். பெப்ரவரியில் வேறொருவருக்கு இடம் கிடைத்து உங்களுக்கு ஒன்றும் வரவில்லை என்றால் அது நல்ல சகுனம் இல்லைதான், ஆனால் மறுப்பும் இல்லை. மார்ச் நடுப்பகுதி தாண்டியும் சத்தம் இல்லையென்றால் துறையின் பட்டமேற்படிப்பு இணைப்பாளருக்கு நாலு வரியில் ஒரு மின்னஞ்சல் போடலாம். ஒன்று போதும். வாரம் ஒன்று போட்டால் அலுத்துப்போவார்கள்.

ஏப்ரல் 15 என்ற திகதியை மறக்கக் கூடாது. நிதியுதவியுடன் இடம் கொடுக்கப்பட்டவர் அந்தத் திகதிக்கு முன் முடிவு சொல்ல வேண்டியதில்லை என்று அமெரிக்கப் பட்டதாரிப் பள்ளிகள் தமக்குள் உடன்பட்டிருக்கின்றன. இரண்டு மூன்று இடம் கிடைத்தவர்கள் கடைசி நாள்வரை யோசித்துவிட்டு ஒன்றைக் கைவிடுவார்கள், அந்த இடம் காத்திருப்புப் பட்டியலில் இருப்பவருக்குப் போகும். எங்களுக்கு அது சித்திரைப் புத்தாண்டுக்கு மறுநாள். வீட்டில் பலகாரத் தட்டோடு ஆட்கள் வந்து போகும் நேரத்தில்தான் பட்டியல் அசையும். நேர வித்தியாசமும் சேர்ந்துகொள்ளும்: கிழக்குக் கரையில் பின்னேரம் மூன்று மணிக்கு அனுப்பிய மின்னஞ்சல் பெப்ரவரியில் எங்களுக்கு இரவு ஒன்றரைக்கு வரும். அதற்காக விழித்திருக்கத் தேவையில்லை. இடம் தந்தால் வாரக்கணக்கில் அவகாசம் தருவார்கள். காத்திருப்புப் பட்டியலில் இருப்பவர் மட்டும் அந்த ஒன்றிரண்டு நாளும் மின்னஞ்சலை அடிக்கடி பார்த்துக்கொண்டால் நல்லது.

பிரித்தானியா

இங்கே கதை தலைகீழ். ஒரு வருட எம்.ஏ.க்கு இடம் கிடைப்பது ஒப்பீட்டளவில் இலகு, பதிலும் பல இடங்களில் சில வாரங்களில் வந்துவிடும். ஒக்ஸ்போர்ட், கேம்பிரிட்ஜ் போன்றவை தங்கள் திகதிப்படி நடப்பவை, அவற்றை விடுங்கள். காசுக்கான பதில் வேறு எங்கிருந்தோ, வேறு திகதியில் வர வேண்டும். வெளிநாட்டவருக்குக் கட்டணம் சாதாரணமாக இருபதாயிரம் பவுணைத் தாண்டும். விசாவுக்குக் கட்டணத்தோடு ஒன்பது மாத வாழ்க்கைச் செலவையும் தொடர்ந்து 28 நாள் வங்கிக் கணக்கில் வைத்துக் காட்ட வேண்டும், வருடத்துக்கு 776 பவுண் சுகாதாரக் கட்டணம் தனி. காணி ஈடுவைத்து இந்தக் கணக்கை நிரப்பிய குடும்பங்கள் எங்கள் ஊரில் உண்டு. கணினிப் படிப்பென்றால் அந்தக் கடனை அடைக்க ஒரு வழி தெரியும் என்று யாராவது வாதாடலாம். ஆங்கில இலக்கியத்துக்கு அந்த வாதம் எனக்கு ஏறவில்லை.

ஏஜென்சிகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. சேர்த்துவிட்ட மாணவருக்காகப் பல்கலைக்கழகம் தரும் தரகுப் பணம்தான் அவர்களின் வருமானம். கட்டணம் கட்டாமல் போகும் அமெரிக்கப் பிஎச்டியைப் பற்றி அவர்கள் ஏன் வாய் திறப்பதில்லை என்று இதில் விளங்கும்.

சரி, உதவித்தொகை? பிரித்தானிய அரசு தரும் செவனிங் இருக்கிறது. ஓகஸ்டில் திறந்து ஒக்டோபர் அளவில் மூடும், அடுத்த வருட முற்பகுதியில் நேர்முகம், முடிவு ஜூன் அளவில். இரண்டு வருட வேலை அனுபவம், அதாவது 2,800 மணித்தியாலம் வேண்டும். பகுதிநேர வேலையும் தொண்டு வேலையும் இதில் சேரும் என்பது பலர் கவனிக்காத விடயம். படிப்பு முடிய நாட்டுக்குத் திரும்பி இரண்டு வருடம் இருக்க வேண்டும். பொதுநலவாயப் புலமைப்பரிசிலும் உண்டு, ஆனால் அது அபிவிருத்திக் கருப்பொருள்களோடு உங்கள் படிப்பைப் பொருத்திக் காட்டச் சொல்லும். விக்டோரியா கால நாவலை அதற்குள் நுழைப்பது சிரமம். மொழிக்கல்வி, மொழிபெயர்ப்பு, போருக்குப் பிந்திய எழுத்து என்றால் வழி உண்டு.

இதில் ஒரு பொறி இருக்கிறது. செவனிங் முடிவு ஜூனில் வரும் என்றால் பல்கலைக்கழகம் முற்பணத்தை அதற்கு முன்பே கேட்கக்கூடும். கட்டிவிடாதீர்கள். புலமைப்பரிசில் முடிவுக்குக் காத்திருக்கிறேன் என்று எழுதித் தவணை கேளுங்கள்.

இன்னொன்று, கம்பஸில் விரிவுரையாளராக வேண்டும் என்று கனவு காண்பவர்களுக்கு. பதவியில் உறுதிப்படவும் மேலே போகவும் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் விதிகள் குறைந்தது இரண்டு கல்வியாண்டு நீளமான, ஆய்வேட்டுடன் கூடிய பட்டமேற்படிப்பைக் கேட்கின்றன. பிரித்தானியாவின் ஒரு வருட எம்.ஏ. அங்கே முட்டுப்படும். இத்தனை இலட்சம் செலவழித்துப் பெற்ற பட்டத்தோடு திரும்பவும் பேராதனையில் எம்ஃபில் என்ற ஆய்வுப் பட்டத்துக்குப் பதிய நேரலாம்.

இந்தியா

சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரிகள் இருவரும், சி.வை. தாமோதரம்பிள்ளையும் கறல் விசுவநாதபிள்ளையும், யாழ்ப்பாணத்தார், வட்டுக்கோட்டையில் படித்தவர்கள். அந்தப் பாதை போரோடு அடைபட்டு, இப்போது மெல்லத் திறந்திருக்கிறது. பலாலியிலிருந்து சென்னைக்கு விமானம் பறக்கிறது, 2023 ஒக்டோபரில் காங்கேசன்துறை–நாகபட்டினம் கப்பலும் தொடங்கியது. ஆனால் எங்கள் பிள்ளைகளின் விண்ணப்பப் பட்டியலில் இந்தியா கடைசியில்தான் வரும். இது எனக்கு விளங்காத விடயம். ஆங்கில, அயல்மொழிப் படிப்புகளுக்கென்றே ஹைதராபாத்தில் ஒரு மத்திய பல்கலைக்கழகம் இருக்கிறது. காலனியத்துக்குப் பிந்திய இலக்கியத்தைப் படிக்க டில்லியும் ஹைதராபாத்தும் பல பிரித்தானிய நகரங்களைவிடப் பொருத்தமான இடங்கள்.

காசுக்கான பதில் இந்திய அரசின் கலாசார உறவுகள் சபையான ஐசிசிஆர் வழியாக வரும். முதுநிலைக்கு மௌலானா ஆசாத் பெயரிலான உதவித்தொகை இலங்கையருக்கு உண்டு. கட்டணம், மாதாந்தக் கொடுப்பனவு, வீட்டு வாடகை எல்லாம் அதில் அடங்கும். விண்ணப்பம் கோரும் அறிவிப்பை இந்தியத் தூதரகம் வெளியிடும், 2010இலிருந்து யாழ்ப்பாணத்திலேயே துணைத் தூதரகமும் இருப்பதால் விசாரிக்கக் கொழும்புக்கு ஓட வேண்டியதில்லை. சங்கடம் நாட்காட்டிதான். அமெரிக்காவைப்போல் எல்லாருக்கும் பொதுவான திகதி இல்லை. பல்கலைக்கழகம் ஒரு பக்கம், உதவித்தொகை ஒரு பக்கம், ஆடி மாதம் வரைகூட இழுபடலாம். உதவித்தொகை தவறினால் வெளிநாட்டு மாணவருக்கான கட்டணம் வேறு. இந்திய மாணவர் கட்டுவதைப் பார்த்துக் கணக்குப் போடாதீர்கள்.

கனடாவைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. காலக்கணக்கு ஏறத்தாழ அமெரிக்காவைப்போல, பிஎச்டிக்கு எம்.ஏ.யை எதிர்பார்ப்பது அங்கே கூடுதல். மாமா வீடு ரொறன்ரோவில் இருக்கிறது என்பதற்காக ரொறன்ரோவுக்கு மட்டும் விண்ணப்பிப்பவர்கள் உண்டு. வாடகை மிச்சம் பெரிய மிச்சம்தான். ஆனால் உங்கள் துறையில் வழிகாட்ட ஆள் இருக்கிறாரா என்று முதலில் பாருங்கள். ஆங்கிலப் பேராசிரியர் செல்வா கனகநாயகம் அங்கே இருந்த காலத்தில் ஈழத்து எழுத்தைப் பற்றி ஆய்வதற்கு ரொறன்ரோவுக்குப் போவதில் அர்த்தம் இருந்தது. அவர் 2014இல் காலமாகிவிட்டார். இன்று யார் இருக்கிறார் என்பதை நீங்கள்தான் தேட வேண்டும்.

உள்ளூர்

பேராதனையின் பட்டப்பின் நிறுவனத்திலும் கொழும்புப் பல்கலைக்கழகத்திலும் ஆங்கில எம்.ஏ. உண்டு. வகுப்புகள் பெரும்பாலும் வார இறுதியில். வெள்ளி இரவு பஸ் ஏறி, சனி ஞாயிறு இருந்துவிட்டு, திங்கள் காலை பாடசாலையில் கையெழுத்துப் போடும் ஆசிரியர்களை எனக்குத் தெரியும். உடம்பு முறியும். உதவித்தொகையும் இல்லை. ஆனால் மற்ற எந்த வழியும் தராத ஒன்றை இது தருகிறது: காத்திருக்கும் நேரத்திலேயே படிக்கலாம். அங்கே எழுதும் ஆய்வுக்கட்டுரை அடுத்த டிசெம்பரில் உங்கள் எழுத்து மாதிரியாகும், பரிந்துரைக்குப் புதிதாக ஒரு பேராசிரியரும் கிடைப்பார். பட்டம் முடிந்து நூலக அனுமதி போய்விட்டவர்கள் ஜேஸ்டோர் என்ற இணைய ஆய்விதழ்க் களஞ்சியத்தில் சொந்தக் கணக்குத் திறந்தால் மாதத்துக்கு ஓரளவு கட்டுரைகள் இலவசமாக வாசிக்கலாம். போர்க்காலத்தில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் ஆங்கிலம் கற்பித்த சுரேஷ் கனகராஜா, மின்சாரமும் கடதாசியும் இல்லாமல் ஆய்வுக்கட்டுரை எழுதி அனுப்புவது எப்படி இருந்தது என்று பின்னாளில் ஒரு நூலே எழுதினார். எங்கள் நிலைமை அதைவிட எவ்வளவோ மேல்.

ஆகவே என் தெரிவு இதுதான். அமெரிக்காவில் நிதி உறுதியான நாலைந்து பிஎச்டிக்கு மட்டும் விண்ணப்பியுங்கள். இந்திய உதவித்தொகைக்கும் போடுங்கள். செவனிங்கை வேலை அனுபவம் சேர்ந்த பிறகு, அது கிடைத்தால் மட்டும் பிரித்தானியா என்ற நிபந்தனையோடு வையுங்கள். உள்ளூர் எம்.ஏ.க்கு விளம்பரம் வந்த உடனேயே பதிந்துவிடுங்கள். மார்ச்சில் அமெரிக்காவிலிருந்து நல்ல பதில் வந்தால் போவது முதல் தவணைக் கட்டணம் மட்டும்தான். வராவிட்டால், அடுத்த விண்ணப்பத்துக்கான இருபது பக்கத்தில் பாதி அப்போது எழுதி முடிந்திருக்கும்.