ஒரே கேஸ் மாத்திரை, இரண்டு வேறு நோய்: கிருமியா, தசையா?

"அண்ணே, கேஸ் மாத்திரை ஒரு அட்டை குடுங்க." மதுரை கோரிப்பாளையம் பக்கம் மருந்துக்கடையில் சற்று நேரம் நின்றால் இந்தக் குரல் கேட்டுவிடும். கைக்கு வருவது பெரும்பாலும் பான்டோபிரசோல். நெஞ்சு எரிகிறவரும் அதையே வாங்குகிறார், மேல்வயிறு வலிக்கிறவரும் அதையே வாங்குகிறார். அமிலம் குறைவதால் இருவருக்கும் சுகம் தெரியும். ஆனால் நோய் ஒன்றல்ல.

மேல்வயிற்று வலிக்குப் பின்னால் ஹெலிகோபேக்டர் பைலோரி என்ற கிருமி இருக்கலாம். யூரியாவை அம்மோனியாவாக உடைத்து, சுற்றியுள்ள அமிலத்தை முறித்துக்கொண்டு, இரைப்பையின் சளிப்படலத்துக்குள் குடியேறிவிடும். ஆஸ்திரேலியாவின் பெர்த்தில் பாரி மார்ஷலும் ராபின் வாரனும் 1982-இல் இதை வளர்த்தெடுத்தார்கள். சக மருத்துவர்கள் ஏற்கவில்லை. 1984-இல் மார்ஷல் அந்தக் கிருமியைத் தானே குடித்து இரைப்பை அழற்சியை வரவழைத்துக்கொண்டார். 2005-இல் இருவருக்கும் நோபல் பரிசு. குடற்புண்ணுக்கு முக்கியக் காரணம் இந்தக் கிருமியும் வலி மாத்திரைகளும்தான். நம் வீடுகளில் இன்னும் மிளகாய் மேல்தான் பழி.

நெஞ்செரிச்சல் வேறு கதை. உணவுக்குழாய் இரைப்பையோடு சேரும் இடத்தில் ஒரு தசை வளையம் உண்டு. விழுங்கும்போது திறந்து, உடனே இறுகிக்கொள்ளும். நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் தசையான உதரவிதானமும் வெளியிலிருந்து பிடித்துக்கொள்ளும். எரிச்சல் வந்தால் வளையம் பலவீனம் என்றே நினைக்கிறோம். பலருக்கு அதன் வலு சரியாகவே இருக்கும். திறக்கும் நேரம்தான் தவறு. வயிறு நிரம்பி விரிந்தால் வேகஸ் நரம்பு வழியே மூளைத்தண்டுக்குத் தகவல் போகும். ஏப்பம் வெளியேற, விழுங்காமலேயே வளையம் பத்து நொடிக்கு மேல் தளரும். அந்த இடைவெளியில் அமிலமும் ஏறிவிடும். ராத்திரி பதினொரு மணிக்குச் சால்னா ஊற்றிய பரோட்டா, மேலே ஒரு ஜிகர்தண்டா, வீட்டுக்குப் போனதும் படுக்கை. ஏறிய அமிலத்தை அடித்து இறக்கும் எச்சிலும் தூக்கத்தில் சுரப்பது குறைந்துவிடும்.

கிருமியைக் கொன்றால் விஷயம் முடிந்தது: பொதுவாக இரண்டு ஆன்டிபயாடிக், கூடவே அமிலம் குறைக்கும் மாத்திரை, 14 நாள், இடையில் நிறுத்தாமல். தசைக்கு அப்படி ஒரு கணக்கு இல்லை. மாத்திரை அமிலத்தின் வீரியத்தைக் குறைக்கும், மேலே ஏறுவதைத் தடுக்காது. படுப்பதற்கு மூன்று மணி நேரம் முன்பே சாப்பிடுவது, கட்டிலின் தலைமாட்டை 15 முதல் 20 சென்டிமீட்டர் உயர்த்துவது, இடப்பக்கம் படுப்பது, தொப்பையைக் குறைப்பது ஆகியவை அதற்கு உதவும். கிருமி போன பிறகும் நெஞ்சு எரிந்தால் சிகிச்சை தோற்றதாக அர்த்தமில்லை.

மேல்வயிற்று வலி விடாமல் இருந்தால், இரண்டாவது அட்டை வாங்குமுன் கிருமிப் பரிசோதனை செய்யுங்கள் என்றே சொல்வேன். மூச்சு அல்லது மலப் பரிசோதனை போதும். இரண்டு வாரம் முன்பே, மருத்துவரிடம் கேட்டு, கேஸ் மாத்திரையை நிறுத்த வேண்டும். இல்லாவிட்டால் இருக்கிற கிருமியும் இல்லை என்று வரலாம். மலம் கறுப்பாகப் போனாலோ இரத்த வாந்தி வந்தாலோ அன்றைக்கே பெரியாஸ்பத்திரிக்குப் போங்கள். விழுங்கும்போது அடைத்தாலோ காரணமில்லாமல் எடை இறங்கினாலோ எண்டோஸ்கோபியைத் தள்ளிப்போடாதீர்கள்.