பாப் வகையா, ஐமேப் வகையா? காணாமல் போகும் மின்னஞ்சல்கள்

கணினியில் பார்த்த மின்னஞ்சல் கைபேசியில் இல்லையா? கடவுச்சொல்லை மாற்றுவதற்கு முன், அஞ்சல் செயலியின் அமைப்புகளைத் திறந்து அந்தக் கணக்கு பாப் (POP) வகையா, ஐமேப் (IMAP) வகையா என்று பாருங்கள். வந்த கடிதங்களைச் செயலி பெறும் இரண்டு முறைகள் இவை.

பாப், கடிதங்களைச் சேவையகத்திலிருந்து (அஞ்சல் சேவை தருபவரின் கணினியிலிருந்து) இறக்கி உங்கள் கணினியில் வைக்கும். 'சேவையகத்தில் நகலை விட்டுவை' என்ற தேர்வு அணைந்திருந்தால், இறக்கிய கடிதம் அங்கிருந்து அழிந்துவிடும். மற்றக் கருவிக்கு எதுவும் மிஞ்சாது. வன்தட்டு பழுதானால் பல ஆண்டுக் கடிதங்களும் அதோடு போய்விடும். அந்த இழப்பின் வலி, பட்டவர்களுக்குத்தான் தெரியும்.

1986இல் மார்க் கிரிஸ்பின் வடிவமைத்த ஐமேப்பில் கடிதங்கள் சேவையகத்திலேயே இருக்கும். ஒரு கருவியில் படித்தது எல்லாவற்றிலும் படித்ததாகக் காட்டும். அதேபோல் ஒன்றில் அழித்தால் எல்லாவற்றிலும் அழியும். குழந்தையிடம் கைபேசியைக் கொடுக்கும்போது இதை மறக்காதீர்கள். பெட்டி நிரம்பினால் புதுக் கடிதம் வராது. பெரிய இணைப்புகள் உள்ள கடிதங்களை முதலில் நீக்கி, குப்பைத் தொட்டியையும் காலி செய்யுங்கள்.

சேவையகத்தோடு தொடர்பே கிடைக்கவில்லை என்றால் அமைப்புகளில் போர்ட் எண்ணை (சேவையகத்தில் செயலி நுழையும் வாயிலின் எண்ணை) சரிபாருங்கள்: மறையாக்கத்துடன் (பிறர் படிக்க முடியாதபடி) பெறுவதற்குப் பாப்புக்கு 995, ஐமேப்புக்கு 993. அனுப்புவதில் மட்டும் சிக்கல் என்றால் இரண்டையும் தொட வேண்டாம். அது கடிதங்களை அனுப்பும் முறையான எஸ்எம்டிபியின் (SMTP) வேலை. அதன் போர்ட் எண் வழக்கமாக 587 அல்லது 465.

என் தேர்வு ஐமேப். ஒரே கணினி, சேவையகத்தில் மிகக் குறைந்த இடம் என்றால் மட்டும் பாப். பாப்பிலிருந்து மாறுபவர்கள் பழைய கணக்கை நீக்கும் முன் கடிதங்களை நகலெடுத்துவிடுங்கள். சில செயலிகள் கணக்கோடு அவற்றையும் அழித்துவிடும்.