இடுப்பு பெல்ட்டோடு மூன்று வருடம்

ராமநாதபுரம் மாவட்டத்தில் மண்டபம் என்ற ஊர்ப் பக்கம் கடல்பாசி வளர்ப்புதான் எங்கள் பிழைப்பு. 12 அடிக்கு 12 அடி மூங்கில் மிதவையில் 60 கிலோ விதைப்பாசி கட்டிக் கடலில் விட்டால், நல்ல பருவத்தில் 45 நாளில் 200 கிலோவைத் தாண்டும். இடுப்பளவுத் தண்ணீரில் நின்று அதைக் கரைக்கு இழுக்க வேண்டும். மூன்று வருடம் முன்பு அப்படி இழுக்கும்போது இடது பிட்டத்திலிருந்து குதிகால் வரை சுளீரென்று ஒரு வலி. அடுத்த எட்டு வைக்க முடியவில்லை. மதினிதான் தோள் கொடுத்துக் கரையேற்றினார்.

எண்ணெய் போட்டு உருவினார்கள். ஒரு வாரம் படுத்தே கிடந்தேன். எழுந்தபோது இடுப்பு இன்னும் இறுகியிருந்தது. ராமநாதபுரத்தில் ஸ்கேன் எடுத்ததில் கீழ்முதுகில் எல்4, எல்5 என்கிற முதுகெலும்புகளுக்கு நடுவே ஜவ்வு பிதுங்கியிருந்தது. "வலியே இல்லாதவங்களுக்கும் ஸ்கேன்ல இது தெரியும்மா. முக்கால்வாசிப் பேருக்கு ஆபரேஷன் இல்லாமலே குறையும். படுக்காதீங்க, நடங்க" என்று சொல்லி டாக்டர் பெல்ட் எழுதிக் கொடுத்தார்.

முதல் பெல்ட்டைப் பாவாடை அளவைச் சொல்லி வாங்கிவிட்டேன். உட்கார்ந்தால் விலாவில் குத்தும். தொப்புள் மட்டத்தில் டேப் வைத்து அளந்துதான் வாங்க வேண்டும். எங்கள் ஊர் உப்புக்காற்று அதைச் சும்மா விடவில்லை. ஆறாம் மாதம் முதுகுப்பக்கத் தகடு துருப்பிடித்து, துணிக்கு வெளியே செங்காவிக் கறை இறங்கியது. பெல்ட்டை ஒட்டிப் பிடிக்கும் வெல்க்ரோ பட்டையில் மணலும் பாசித் துணுக்கும் அடைந்து, குனிந்தாலே சர்ரென்று பிரிந்துவிடும். இப்போது இருப்பது பிளாஸ்டிக் தகடு வைத்தது. பழைய பல் பிரஷால் வெல்க்ரோவைத் தேய்த்து, வாரம் ஒருமுறை நல்ல தண்ணீரில் அலசி நிழலில் காயப்போடுகிறேன். நல்ல தண்ணீரை நாங்கள் குடம் கணக்கில் காசு கொடுத்து வாங்குகிறோம். ஆனாலும் அந்த அரைக்குடத்துக்கு நான் கணக்குப் பார்ப்பதில்லை.

முதல் வருடம் காலையிலிருந்து படுக்கும்வரை கட்டியே இருந்தேன். அது பெரிய தப்பு. கழற்றினால் இடுப்பில் உயிரே இல்லாத மாதிரி இருக்கும். சதை செய்ய வேண்டிய வேலையைப் பெல்ட் செய்துகொண்டிருக்கிறது என்று பிசியோதெரபி அக்கா சொன்ன பிறகுதான் புரிந்தது. மல்லாந்து படுத்து முழங்காலை மடக்கி இடுப்பை மட்டும் தூக்குவது, நாலு காலில் நின்று ஒரு கையையும் எதிர்க்காலையும் நீட்டுவது என்று இரண்டு பயிற்சி கொடுத்தார். கடலுக்குப் போகுமுன் 15 நிமிடம். இரண்டு மாதம் ஒன்றும் தெரியவில்லை. அப்புறம் ஒருநாள் குனிந்து குடத்தைத் தூக்கிய பிறகுதான், பெல்ட் கட்டவில்லை என்பதே நினைவு வந்தது.

இப்போது சாக்கு ஏற்றும் நேரத்துக்கு மட்டும்தான் பெல்ட். ஈரப்பாசியை அரைச் சாக்காகவே கட்டுகிறோம். முழங்காலை மடக்கி, சாக்கை உடம்போடு அணைத்துத் தூக்குகிறேன்.

கரையில் யாராவது என் பெல்ட்டை இரவல் கேட்டால் முதலில் விசாரிப்பேன்: பாதம் தூக்க வராமல் இழுபடுகிறதா, தொடை இடுக்கு மரத்திருக்கிறதா, சிறுநீர் தெரியாமல் போகிறதா அல்லது போகவே மாட்டேன் என்கிறதா? இதில் ஒன்று இருந்தாலும் பெல்ட்டைக் கொடுக்க மாட்டேன். அந்த நிமிடமே ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிடுவேன்.