பேட்டரி வண்டி இன்னும் பத்து கிலோமீட்டர் ஓட எதில் காசு போடலாம்?

மாற்றுத்திறனாளிகளுக்கான பேட்டரி மூன்று சக்கர வண்டி ‘ஒரு சார்ஜுக்கு 30 கிலோமீட்டர்’ போகும் என்றால், வீட்டிலிருந்து 15 கிலோமீட்டருக்கு மேல் போகக் கூடாது என்றுதான் அர்த்தம். வழியில் சார்ஜ் தீர்ந்தால் ஸ்கூட்டர்காரர் இறங்கித் தள்ளிக்கொண்டு போய்விடுவார். நமக்கு அது முடியாது. அதனால் தூரத்தைக் கூட்டும் வழிகளை ஒப்பிடும்போது எத்தனை கிலோமீட்டர் கூடும் என்பது ஒரு கேள்வி, தீரும்போது எப்படித் தீரும் என்பது இன்னொரு கேள்வி. பேட்டரிக் கடைகளில் முதல் கேள்விக்கு உடனே பதில் வரும். இரண்டாவதைக் கேட்டால் முகத்தைப் பார்ப்பார்கள்.

எல்லோரும் முதலில் விசாரிப்பது லெட் ஆசிட்டை எடுத்துவிட்டு லித்தியம் போடுவதைப் பற்றித்தான். 48 வோல்ட், 20 ஏ.எச். (ஆம்பியர் ஹவர்) என்றால் இரண்டிலும் காகிதத்தில் 960 வாட் ஹவர், அதாவது இரண்டையும் பெருக்கினால் வரும் மின்சாரக் கொள்ளளவு. ஆனால் லெட் ஆசிட்டில் வேகமாக மின்சாரம் இழுக்க இழுக்க, கிடைக்கும் மொத்தமே குறையும். தினமும் பாதிக்கு மேல் வடித்தால் ஆயுளும் குறையும். லித்தியத்தில் ஒரு வகையான லித்தியம் அயர்ன் பாஸ்பேட்டில் எண்பது, தொண்ணூறு சதவீதம் வரை பயமில்லாமல் எடுக்கலாம். எடையும் பெரிய வித்தியாசம்: நான்கு லெட் ஆசிட் பேட்டரி சேர்ந்தால் 25 கிலோவுக்கு மேல் வரும், அதே அளவு லித்தியம் பத்து கிலோ அளவில் முடிந்துவிடும். விலை இரண்டு மூன்று மடங்கு என்றாலும், லெட் ஆசிட் சில நூறு முறை சார்ஜுக்குத் தாங்கும், இது ஆயிரக்கணக்கில் தாங்கும். நாள்பட்ட கணக்கில் லித்தியம்தான் மலிவு.

சிக்கல் அது தீரும் விதத்தில். லெட் ஆசிட் வண்டி முதலில் சோர்ந்துபோகும், மேம்பாலத்தில் இழுக்காது, அப்புறம் ஊர்ந்தாவது வீடு வந்து சேரும். லித்தியம் கடைசி வரை அதே வேகத்தில் ஓடிவிட்டு, பேட்டரியைக் காக்க உள்ளே இருக்கும் பி.எம்.எஸ். என்ற சர்க்யூட் இணைப்பைத் துண்டித்ததும் நடுரோட்டில் நின்றுவிடும். இன்னொன்று, வண்டியில் ஏற்கெனவே இருக்கும் சார்ஜ் காட்டி லெட் ஆசிட்டின் வோல்டேஜுக்காகச் செய்தது. அயர்ன் பாஸ்பேட்டின் வோல்டேஜ் கடைசி வரை பெரிதாக இறங்காது, அதனால் அந்தக் காட்டி முக்கால்வாசி தீர்ந்த பிறகும் பச்சையாகவே இருக்கும். லித்தியம் போடுகிறவர்கள், உள்ளே போவதையும் வெளியே வருவதையும் கணக்கு வைத்து சதவீதம் காட்டும் மீட்டரையும் சேர்த்துப் போட வேண்டும். இது இல்லாமல் நான் யாருக்கும் லித்தியத்தைச் சிபாரிசு செய்வதில்லை.

பழைய சார்ஜரே போதும் என்று சொல்லும் மெக்கானிக்கை நம்ப வேண்டாம். 48 வோல்ட் லெட் ஆசிட் சார்ஜர் 58 வோல்ட்டுக்கு மேல் ஏற்றும். லித்தியத்தின் இன்னொரு வகையான, 13 செல் வரிசை கொண்ட சாதாரண லித்தியம் அயான் பேட்டரிக்கு 54.6 தான் உச்சம். இடையில் காப்பாற்ற இருப்பது பி.எம்.எஸ். ஒன்றுதான்.

இருக்கிற லெட் ஆசிட்டை வைத்துக்கொண்டு இன்னொரு செட் சேர்ப்பது அடுத்த வழி. இதைச் செய்வதில் இரண்டு விதம். இரண்டு செட்டும் ஒரே நேரத்தில் ஓடும்படி பேரலலாக இணைத்தால் ஒவ்வொன்றிலிருந்தும் பாதி கரண்ட்தான் இழுக்கும், அதனால் லெட் ஆசிட்டில் தூரம் இரட்டிப்பை விடக் கொஞ்சம் கூடவே கிடைக்கும். ஆனால் பழைய செட்டோடு புதியதை அப்படி இணைத்தால் பழையது புதியதையும் சேர்த்துக் கெடுக்கும். மற்றது, நடுவில் ஒரு சுவிட்ச் வைத்து ஒன்று தீர்ந்ததும் மற்றதற்கு மாற்றுவது. தூரம் சற்றுக் குறையும், ஆனால் பழைய பைக்குகளின் பெட்ரோல் டேங்கில் இருந்த ரிசர்வ் மாதிரி, மாற்றிய நிமிடமே திரும்ப வேண்டும் என்று தெரிந்துவிடும். தனியாகப் போகிறவருக்கு இரண்டாவது முறையே மேல் என்பது என் கருத்து. சுவிட்ச் மட்டும் சீட்டுக்கு அடியில் இல்லாமல் ஹேண்டில் பக்கத்தில், பலமான கை எட்டும் இடத்தில் இருக்கட்டும். எடை கூடுவதால் பிரேக்கையும் பார்த்துவிடுங்கள்.

இவற்றில் எதற்கும் காசு போடுவதற்கு முன் பஞ்சர் கடைக்குப் போய்வாருங்கள். ஆளோடு சேர்த்து 150 கிலோ இருக்கும் வண்டிக்கு நான் போட்டுப் பார்த்த கணக்கில், ஏர் நன்றாக இருந்தால் கிலோமீட்டருக்குச் சுமார் 16 வாட் ஹவர் ஆகிறது, டயர் தளர்ந்தால் 20-ஐத் தாண்டுகிறது. 25 கி.மீ. வேகத்தை 18 ஆகக் குறைத்தால் அது 12-க்கு வந்துவிடுகிறது. மேம்பாலம் பேட்டரியைத் தின்றுவிடும் என்பது பாதி உண்மைதான். ஆறு மீட்டர் உயரம் ஏற நாலு வாட் ஹவர்கூட ஆகாது. ஏறும்போது கரண்ட் அதிகமாக இழுப்பதால் வோல்டேஜ் சரிந்து, 42 வோல்ட் வாக்கில், மோட்டாருக்குப் போகும் மின்சாரத்தைக் கட்டுப்படுத்தும் கன்ட்ரோலர் கட் செய்துவிடுகிறது. இரண்டு நிமிடம் ஓரமாக நிறுத்தினால் பேட்டரி திரும்ப எழுந்துகொள்ளும். அங்கேயே ஆக்சிலேட்டரை முறுக்கிக்கொண்டிருப்பதில் பயனில்லை.

கையோடு சார்ஜரை எடுத்துப் போவதை யாரும் ஒரு வழியாகவே நினைப்பதில்லை. மூன்று ஆம்பியர் சார்ஜர் ஒரு மணி நேரத்தில் எட்டு, ஒன்பது கிலோமீட்டருக்கு ஏற்றிவிடும். கார்களுக்கான சார்ஜிங் ஸ்டேஷன் நமக்கு உதவாது, சாதாரண த்ரீ பின் பிளக் போதும். டீக்கடையில் கேட்டால் ஆகும் மின்சாரம் இரண்டு ரூபாய்க்குள். பிளக் பாயின்ட் படிக்கட்டுக்கு மேலே, கல்லாவுக்குப் பின்னால் இருப்பதுதான் தொல்லை. அதனால் ஐந்து மீட்டர் எக்ஸ்டென்ஷன் ஒயர் சீட்டுக்குப் பின்னால் எப்போதும் இருக்க வேண்டும். வழக்கமாகப் போகிற ஆபீஸ், கோயில், சொந்தக்காரர் வீடு என்று இரண்டு மூன்று இடங்கள் அமைந்துவிட்டால், எந்தப் புது பேட்டரியை விடவும் இது தைரியம் தரும்.

சோலார் கூரையை நான் பெரிதாக மதித்ததில்லை, கணக்குப் போட்ட பிறகு கொஞ்சம் மனம் மாறியது. 100 வாட் பேனல் நாள் முழுக்க வெட்டவெளியில் நின்றால் 250, 300 வாட் ஹவர் வரும். ஏறத்தாழ 15 கிலோமீட்டர். கேரளத்தில் லாட்டரி விற்கிறவர்களைப் போல ரோட்டோரம் ஒரே இடத்தில் வண்டியை நிறுத்தித் தொழில் செய்கிறவருக்கு மின்சாரத்தோடு நிழலும் கிடைக்கும். வண்டியை மரத்தடியிலோ ஷெட்டிலோ விடுகிறவருக்குக் கண்டிப்பாக வேண்டாம். பேருந்து கடக்கும்போது கூரை காற்றில் ஆடும், அதையும் மனதில் வையுங்கள். பேனலின் 18, 20 வோல்ட்டை உயர்த்தித் தரும் கன்ட்ரோலரும் தனியாக வேண்டும். பிரேக் பிடிக்கும்போது சார்ஜ் ஏறும் ‘ரீஜென்’ என்று விற்பதற்கு, நம் வேகத்தில் காசு தராதீர்கள்.

தீர்ந்தால் என்ன ஆகும் என்ற கேள்விக்கு வேறு மாதிரி பதில் சொன்னது சென்னை ஐ.ஐ.டி.யோடு சேர்ந்து நியோமோஷன் நிறுவனம் 2021-இல் கொண்டுவந்த நியோபோல்ட். சார்ஜுக்கு 25 கிலோமீட்டர்தான். ஆனால் மோட்டார் பகுதி சக்கர நாற்காலியின் முன்னால் மாட்டிக்கொள்வது. சார்ஜ் தீர்ந்தால் அதைக் கழற்றிவிட்டு நாற்காலியைக் கையால் உருட்டலாம். கைகளில் பலம் இருப்பவர்களுக்கு, பெரிய பேட்டரி போட்ட மூன்று சக்கர வண்டியை விட இதுவே உகந்தது.

பேட்டரி நாற்காலியோடு விமானம் ஏறுகிறவர்கள் அளவைப் பார்த்து வாங்குங்கள். கழற்றி எடுத்துப் போகும் லித்தியம் பேட்டரி ஒன்று என்றால் 300 வாட் ஹவர், இரண்டு என்றால் தலா 160, அவ்வளவுதான் அனுமதி. பெரியதாக ஒன்று வாங்குவதற்குப் பதில் சிறியதாக இரண்டு வாங்குவது அவர்களுக்கு வசதி, ஒன்று கெட்டாலும் மற்றது ஓடும்.