கமுக்கமான சொற்களுக்குக் கைகொடுக்கும் கான்டனீஸ் அகராதி: வேர்ட்ஸ்.எச்கே

'சோறு', 'தண்ணீர்' என்று தேடிப் பார்த்தால் எந்த அகராதியும் நல்ல அகராதிதான். திரைமறைவு வேலைகளைச் சொல்லும் சொற்களில்தான் தரம் தெரியும். ஹாங்காங்கில் பேசும் சீன மொழியான கான்டனீஸுக்கு 2014இல் அங்கேயே தொடங்கிய அகராதி வேர்ட்ஸ்.எச்கே. இணையத்தில் இலவசம். பலர் சேர்ந்து தொகுப்பது. ஒவ்வொரு சொல்லுக்கும் யூத்பிங் உச்சரிப்பு (ஒலியை ரோமன் எழுத்தில் எழுதி, தொனியை எண்ணால் காட்டும் முறை), கான்டனீஸிலும் ஆங்கிலத்திலும் பொருள், எடுத்துக்காட்டு வாக்கியம் என்று தருகிறது. தமிழ் விளக்கம் கிடையாது.

வாக்கியத்தைப் படிக்காமல் பொருளை மட்டும் எடுத்துக்கொள்பவர்கள்தான் மாட்டிக்கொள்கிறார்கள். 'ஹக்1 சொங்1 சொக்3 யிப்6', அதாவது கறுப்புப் பெட்டி வேலை, செய்தித்தாள் வாடை அடிக்கும் சொல். யாருக்கும் காட்டாமல் எடுத்த முடிவைச் சாடுவது. 'தொய்2 தை2 காவ்1 யிக்6' மேசைக்கு அடியில் நடக்கும் பேரம். நமக்கு விளக்கமே வேண்டாம். 'வை4 பியூ1' டெண்டரில் கூட்டுச் சேர்ந்து விலை பேசிவைப்பது. ஹாங்காங்கில் கட்டடப் பராமரிப்புச் செய்திகளில் அடிக்கடி அடிபடும். 'க்வை2 க்வை2 சொய்6 சொய்6' பேரத்தைவிட ஆளின் திருட்டு முழியைத்தான் சொல்கிறது.

கூடுதல் கவனம் கேட்பது 'சிங்6 சிங்2 கை1'. எழுத்துக்கு எழுத்து பார்த்தால் 'அமைதி அமைதி கோழி'. கோழிக்கும் பொருளுக்கும் சம்பந்தமில்லை. நம் 'காதும் காதும் வைத்தாற்போல்'தான் இது. விருந்திலிருந்து சொல்லாமல் நழுவுவதற்கும் பொருந்தும், ஊழல் என்றே அர்த்தமில்லை. ஒரே எழுத்து இரண்டு முறை வந்தாலும் முதலாவது தாழ்ந்த சமதொனி, இரண்டாவது மேலேறும் தொனி. இரண்டையும் 6 என்று படித்தால் காதுக்கு ஒட்டாது.

தேடும்போது இரண்டு இடங்களில் சறுக்கும். மேலே சொன்ன 'சொய்6' எழுத்தைப் போலவே தோன்றும் 'சுங்4' என்று இன்னொன்று இருக்கிறது, பொருள் 'உயர்ந்த'. எழுத்தின் மேல்பகுதியில் 'வெளியே' என்ற எழுத்து இருந்தால் சொய். 'மலை' இருந்தால் சுங். அவசரத்தில் மாற்றித் தட்டினால் சொல் அகப்படாது. அடுத்து, மேசைக்கான 'தொய்2' ஒன்றுக்கு மேற்பட்ட வடிவங்களில் எழுதப்படும். ஒன்றில் கிடைக்காவிட்டால் மற்றதைப் போட்டுப் பாருங்கள்.

எல்லாப் பதிவும் சரிபார்க்கப்பட்டதல்ல. சரிபார்க்காதவற்றில் அந்தக் குறிப்பு இருக்கும். அப்படிப்பட்ட சொல்லை அலுவலகக் கடிதத்தில் போடாதீர்கள். 'எழுத்து வழக்கு', 'கொச்சை' என்ற அடையாளங்களையும் பார்த்துவிடுங்கள்: கடைவீதியில் ஏட்டுச்சொல்லைப் பேசினால் சிரிப்பார்கள், புகார் மனுவில் கொச்சையை எழுதினால் சிரிக்கக்கூட மாட்டார்கள்.