ஒன்பது கிழமைத் திட்டம், ஒரு வருடப் பாவனை

போன வருடம் ஜனவரி முதலாம் திகதி ஓடத் தொடங்கினேன். மூன்றாம் திகதி நிறுத்திவிட்டேன். மட்டக்களப்பில் ஜனவரி என்றால் மாரி. கணுக்கால் அளவு தண்ணீர் நிற்கும் ஒழுங்கையில் புதுச் சப்பாத்தோடு ஓடினால் என்ன நடக்குமோ அதுவே நடந்தது. அடிப்பாகம் வாயைப் பிளந்தது. விற்ற கடைக்காரர், "தண்ணீருக்குள் போட்டீர்களா?" என்று கேட்டார், ஏதோ நான் அதை அவித்துத் தின்ன முயன்றவன் போல.

தைப்பொங்கல் கழித்து, மழை சற்று வெளித்ததும் மறுபடி ஆரம்பித்தேன். பின்பற்றியது 1996இல் ஜோஷ் கிளார்க் என்பவர் வகுத்த திட்டம். ஓடியே பழகாதவரை ஐந்து கிலோமீற்றர் வரை கொண்டுவருவது அதன் நோக்கம். கிழமைக்கு 3 நாள், மொத்தம் 9 கிழமை. முதற்கிழமையில் 60 விநாடி ஓட்டம், 90 விநாடி நடை, மாறி மாறி 20 நிமிடம்.

60 விநாடிதானே என்று நினைத்தேன். நான்காவது சுற்றில் கல்லடிப் பழைய பாலத்தின் கம்பியைப் பிடித்தபடி நின்றேன். 1924இல் திறந்த பாலம் அது. 2013இல் பக்கத்தில் புதியது வந்த பிறகு அவசரமில்லாதவர்களுக்கு என்று ஆகிவிட்டது. தூண்டில் போட்டுக்கொண்டிருந்த ஒரு ஐயா திரும்பிப் பார்த்து, "என்ன மகன், யாரும் துரத்துகிறார்களா?" என்றார். இல்லை ஐயா, சீனி வருத்தம் வரப்போகிறதாம் என்றேன். "அப்படியென்றால் ஓடத்தான் வேண்டும்" என்று மறுபடி வாவிப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

திட்டத்தின் கண்டம் ஐந்தாம் கிழமையில் இருக்கிறது. இரண்டாம் நாள் எட்டு எட்டு நிமிடமாக, நடுவில் நடை வைத்து ஓடச் சொல்கிறார்கள். மூன்றாம் நாள் திடீரென்று 20 நிமிடம் நிற்காமல் ஓடு என்கிறார்கள். நான் இரண்டு முறை தோற்றேன். மூன்றாம் முறை வேகத்தைக் குறைத்தேன். சைக்கிளில் பாண் விற்பவர் என்னை முந்திப் போகும் அளவுக்குக் குறைத்தேன். ஓடி முடித்துவிட்டேன். மூச்சு வாங்காமல் இரண்டு வசனம் பேச முடிகிற வேகம்தான் சரியான வேகம் என்று அன்று விளங்கியது. 9 கிழமைத் திட்டம் எனக்கு 14 கிழமை பிடித்தது. அதில் வெட்கமில்லை.

வெட்கப்படவேண்டியது கடற்கரையில் ஓடியதற்கு. கல்லடிக் கடற்கரை பார்க்க அழகு, ஆனால் மணல் சரிவு. ஒரு கால் எப்போதும் பள்ளத்தில். தூரத்தையும் ஆசையில் கூட்டியதால் கெண்டைக்கால் முன்னெலும்பு நோகத் தொடங்கி மூன்று கிழமை வீட்டில் இருந்தேன்.

பிறகு வந்தது கச்சான். வறுத்த கச்சானைச் சொல்லவில்லை, தரைப்பக்கமிருந்து அடிக்கும் அந்த வறண்ட சூட்டுக் காற்றை. ஆனி, ஆடியில் பின்னேர ஓட்டம் சரிவராது. காலை ஐந்து மணிக்கு மாறினேன். அந்த நேரத்தில் தெரு நாய்களின் ஆட்சி. ஓடினால் துரத்தும், நடந்தால் விட்டுவிடும். ஆகையால் இரண்டு சந்திகளில் நடை.

எடை? பத்துக் கிலோ குறைக்க எண்ணி நான்கு குறைந்திருக்கிறது. ஓடிவிட்டு வந்து சொதியோடு பன்னிரண்டு இடியப்பம் சாப்பிடுகிறவனுக்கு அது தாராளம். நித்திரை மட்டும் முன்னைப்போல் இல்லை, படுத்ததும் வந்துவிடுகிறது.

இந்த வருட இலக்கில் எடையும் இல்லை, தூரமும் இல்லை. கிழமைக்கு மூன்று நாள், மாரியில் இரண்டு. சமையலறை நாட்காட்டியில் ஓடிய நாளுக்கு ஒரு புள்ளடி போடுகிறேன். மனைவி பால்காரர் கணக்கையும் அதே நாட்காட்டியில்தான் எழுதுகிறார், அதனால் மாத முடிவில் கொஞ்சம் குழப்பம். இன்று விடிய மழை. உள்ளே பத்திரிகைத் தாள் அடைத்த சப்பாத்து இரண்டும் குளிர்சாதனப் பெட்டியின் பின்னால் காய்கின்றன.